ஆல்புமின் ‘நில்’

நான் லேப் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்க்க எங்களிடம் இருந்தது ஒரு ஸ்பிரிட் விளக்கும் சில டெஸ்ட் டியூப்களும்தான். டியூபில் முக்கால்வாசி சிறுநீரை ஊற்றி, அடியைப் பிடித்துக்கொண்டு மேல்பாதியை மட்டும் சூடாக்குவோம். கலங்கினால் இரண்டு மூன்று சொட்டு அசிட்டிக் அமிலம் விடுவோம். கலங்கல் கரைந்துவிட்டால் அது பாஸ்பேட், நின்றால் ஆல்புமின். கறுப்புத் துணியைப் பின்னால் வைத்துப் பார்த்தால் மேல்பாதி அரிசி கழுவிய தண்ணீர் போலவும் கீழ்ப்பாதி தெளிவாகவும் தெரியும். முழுக்கத் தெளிவாக இருந்தால், ஒன்றும் இல்லை என்ற பொருளில் ரிப்போர்ட்டில் ‘நில்’ (nil) என்று எழுதுவோம். அப்புறம் ஸ்ட்ரிப் என்ற சோதனைப் பட்டை வந்தது. முக்கி எடுத்தால் மஞ்சள் பச்சையாகும். வேலை சுலபமானது, எழுதும் சொல் மட்டும் அதேதான்.

மளிகைக் கடைக்காரர் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் சுகர் பார்க்க வருவார். வருடம் ஒரு முறை யூரினும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்றும் பார்ப்பார். ரிப்போர்ட்டை வாங்கும்போது, “உப்பு ஏதும் போகுதா தம்பி?” என்பார். “இல்லைங்கண்ணே” என்பேன். எங்கள் பக்கம் சிறுநீரில் போகும் ஆல்புமினுக்கும் உப்பு என்றுதான் பெயர், ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினினுக்கும் அதே பெயர்தான். ஒன்று சரியாக இருந்தால் மற்றதும் சரிதான் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். நானும் விளக்கிச் சொன்னதில்லை.

நடுவில் இரண்டு வருடம் அவர் வரவில்லை. வந்தபோது செருப்பு வார் காலில் பதிந்து கிடந்தது. கிரியாட்டினின் 2.8 என்று ஏறியிருந்தது, ஸ்ட்ரிப்பில் ஆல்புமின் மூன்று பிளஸ். பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார். “யூரின்ல ஒண்ணும் இல்லேன்னு நீங்கதானே தம்பி எழுதிக் கொடுத்தீங்க?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டார். ஒவ்வொரு தாளிலும் என் கையெழுத்து.

அந்த ரிப்போர்ட் எதுவும் தப்பில்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. ஒரு லிட்டரில் சுமார் 150 மில்லிகிராமுக்கு மேல் ஆல்புமின் போனால்தான் ஸ்ட்ரிப் நிறம் மாறும். சர்க்கரை நோயில் சிறுநீரக வடிகட்டி அதற்கு வெகு முன்பே கசியத் தொடங்கிவிடுகிறது. சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமின் என்ற அளவைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். 30-க்கும் 300-க்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தில் கால் வீங்காது, நுரை தெரியாது, ரத்தத்தில் கிரியாட்டினினும் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். மருந்துக்கு நல்ல பலன் கிடைக்கும் காலமும் அதுதான்.

இவ்வளவு சிறிய கசிவை அளக்கும் முறையை லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஹாரி கீன் குழுவினர் 1963-லேயே வெளியிட்டுவிட்டார்கள். எங்கள் மேஜைக்கு அது வந்து சேர நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது.

இப்போது ஏசிஆர், அதாவது சிறுநீரில் உள்ள ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம், போடுகிறோம். ஆல்புமினை கிரியாட்டினினால் வகுப்பதால், ஒருவர் ஒரு சொம்புத் தண்ணீர் கூடக் குடித்துவிட்டு வந்தாலும் கணக்கு அதிகம் கெடாது. டப்பாவைக் கொடுத்து, காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைப் பிடித்து வரச் சொல்கிறேன். காய்ச்சலா, நீர்க்கடுப்பா, மாதவிடாயா, நேற்று கடுமையாக உடற்பயிற்சி செய்தீர்களா என்றும் கேட்கிறேன். இவற்றில் எது இருந்தாலும் அளவு பொய்யாக ஏறும். ஒரு தடவை கூடினால் முடிவு கட்டக் கூடாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கும் மூன்று சாம்பிளில் குறைந்தது இரண்டில் கூடியிருக்க வேண்டும். ஸ்ட்ரிப்பையும் நான் தூக்கிப் போடவில்லை. ஆல்புமின் மிக அதிகமாக இருந்தால், கலங்கலை அளக்கும் மெஷின் ஏமாந்துபோய்க் குறைவாகக் காட்டிவிடலாம். ஸ்ட்ரிப் கரும்பச்சையானால் சாம்பிளை நீர்த்துத்தான் மெஷினில் ஏற்றுவேன்.

சிறுநீரக நுண்குழாய்களின் பாதிப்பைக் காட்டும் கிம்-1, என்கால் என்ற புரதங்களைப் பற்றியெல்லாம் புதிதாக வரும் பையன்கள் கேட்கிறார்கள். நல்ல ஆராய்ச்சிதான். ஆல்புமின் கசியாமலே சிறுநீரகம் தளர்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் ஏசிஆரோடு, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கான இஜிஎஃப்ஆரும் வேண்டும் என்கிறோம். ஆனால் டைப் 2 சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே ஒரு ஏசிஆர், பிறகு வருடத்துக்கு ஒன்று என்ற இந்தச் சின்ன வேலையே இன்னும் எல்லோருக்கும் நடக்கவில்லை. எனக்கு முதலில் அது நடக்க வேண்டும்.

போன தை மாதம் மளிகைக் கடைக்காரர் தன் தம்பியை அழைத்து வந்தார். அவருக்குச் சர்க்கரை வந்து நான்கு வருடம். “இவனுக்கு அந்தக் காலை யூரின் டெஸ்ட்டையும் சேர்த்துப் பாருங்க தம்பி” என்றார். ஸ்ட்ரிப்பில் ஒன்றும் தெரியவில்லை. ஏசிஆர் 86. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது 71. டாக்டர் சிறுநீரகத்தைக் காக்க டெல்மிசார்டன் என்ற ரத்த அழுத்த மருந்தைத் தொடங்கியிருக்கிறார். ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது அண்ணன் தம்பி இருவரையும் பெஞ்சில் உட்காரவைத்து, எந்த உப்பு எது என்று சொன்னேன். அடுத்த டப்பா வியாழக்கிழமை வரும்.