பச்சை ஒளிர நான்கு மாதம்

உயிருள்ள செல் இல்லாமலே புரதம் செய்யலாம் என்று என் வழிகாட்டி சொன்னபோது, சமையல் மாதிரிதானே என்று நினைத்துவிட்டேன். ஈ.கோலை பாக்டீரியாவை வளர்த்து உடைத்தால், புரதத்தைக் கோக்கும் ரைபோசோமும் நொதிகளும் அடங்கிய சாறு கிடைக்கும். அதில் புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்கள், ஆற்றல் தரும் ஏ.டி.பி., மக்னீசியம், வேண்டிய டி.என்.ஏ. எல்லாம் சேர்த்து 30 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் புரதம் வந்துவிடும். 1961இல் நிரன்பெர்க்கும் மத்தாயும் மரபுக் குறியீட்டின் முதல் சொல்லைப் படித்ததே இப்படி ஒரு சாற்றில்தான். யூ என்ற எழுத்து மட்டுமே கொண்ட ஆர்.என்.ஏ.வைப் போட்டார்கள்; ஃபீனைலலனின் என்ற ஒரே அமினோ அமிலம் மட்டுமே கோத்த சங்கிலி வந்தது. அத்தனை பழைய வித்தை, நமக்கென்ன கஷ்டம்?

நான்கு மாதம் பிடித்தது.

முதல் முறை கெடுத்தது டீ. செல்கள் வேகமாகப் பெருகும்போதுதான் ரைபோசோம் நிறைய இருக்கும். அதனால் செல்கள் எவ்வளவு பெருகின என்பதைக் கலங்கலை வைத்துக் காட்டும் ஓ.டி. எண் 3ஐத் தொட்டதும் ஷேக்கரை நிறுத்தி ஐஸில் வைத்துவிட வேண்டும். நான் கேன்டீனிலிருந்து திரும்பியபோது 5ஐத் தாண்டியிருந்தது. அடுத்த முறை கெடுத்தது சோனிகேட்டர், ஒலி அலையால் செல்லை உடைக்கும் கருவி. அதன் முனையைக் கொஞ்சம் மேலே பிடித்துவிட்டேன், டியூப் முழுக்க நுரை. நுரைத்தால் புரதம் கெட்டது என்று அர்த்தம்; அதையும் கொட்டினேன்.

மூன்றாவது சாறு நன்றாக வந்தது. ஐஸ் தண்ணீரில் டியூபை அமிழ்த்தி, சில நொடி ஓட்டி, சில நொடி ஆறவிட்டு உடைத்தேன். கெட்டி மோர் போலிருந்த கலங்கல் மெல்ல மெல்லத் தெளிந்து பழுப்பேறும். அதைப் பார்க்கப் பழகிவிட்டால் கருவியின் எண்ணைப் பார்க்கத் தேவையில்லை. 12,000 ஜி-யில், அதாவது புவியீர்ப்பைப் போல 12,000 மடங்கு விசையில், பத்து நிமிடம் சுற்றி, அடியில் படிந்ததைத் தொடாமல் மேலிருந்த தேன் நிறச் சாற்றை எடுத்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மைனஸ் 80இல் அடுக்கினேன்.

ஆனால் பச்சையாக ஒளிரும் ஜி.எஃப்.பி. புரதத்தின் ஜீன் உள்ள என் பிளாஸ்மிடை, அதாவது வளைய டி.என்.ஏ.வைப் போட்டால் பச்சை வரவே இல்லை. அமினோ அமிலங்களை மாற்றினேன். ஏ.டி.பி.யைப் புதிதாகக் கரைத்தேன். மூன்று வாரம் போனது. கடைசியில் லேபில் சீனியரான அக்கா தன் பிளாஸ்மிடைக் கொடுத்து, "இதைப் போட்டுப் பாரு" என்றார். அதே சாறு, பளிச்சென்று ஒளிர்ந்தது.

"உன் பிளாஸ்மிடை எதுல எடுத்தே?"

"மினிபிரெப் கிட்லதான்க்கா."

"முதல் பஃபர்ல என்ன இருக்குன்னு பார்த்தியா?"

பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிடைப் பிரிக்கும் அந்தக் கிட்டின் முதல் கரைசலில் இருந்தது ஆர்.என்.ஏ.ஸ் ஏ என்ற நொதி. செல்லின் ஆர்.என்.ஏ.வை அழித்து டி.என்.ஏ.வை மட்டும் எடுப்பதற்காகவே அதைச் சேர்க்கிறார்கள். அதில் துளி ஒட்டிக்கொண்டு வந்திருந்தாலும் என் சாற்றில் உருவாகிற, புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வைத் தின்றுவிடும். கையுறை, பிப்பெட் முனை என்று எதையெல்லாமோ சந்தேகப்பட்டேன், அந்தப் பாட்டிலைத் தவிர. அந்த நொதியை நீக்க, பிளாஸ்மிடை ஃபீனால்-குளோரோஃபார்மில் இரண்டு முறை கழுவி, எத்தனாலில் வீழ்படிய வைத்து மறுபடி போட்டேன்.

அப்புறம் மக்னீசியம். 6 மில்லிமோலாரிலிருந்து 16 வரை இரண்டிரண்டாகக் கூட்டிப் பார்த்ததில் என் சாற்றுக்கு 10 பிடித்தது. அடுத்த தொகுதிச் சாற்றுக்கு இது மாறும். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்க வேண்டும். இன்னொரு விஷயம்: 15 மைக்ரோலிட்டரில் நன்றாக வந்ததை அதே சின்ன டியூபில் 100 ஆக்கினால் விளைச்சல் படுத்துவிடும். அந்தக் கலவைக்குக் காற்று வேண்டும், அகலமான தட்டில்தான் ஊற்ற வேண்டும்.

அன்று மாலை விளக்கை அணைத்துவிட்டு, நீல ஒளியில் என் டியூபைப் பிடித்து ஆரஞ்சுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பச்சை. அக்காவிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூடியில எந்தத் தொகுதின்னே எழுதலையே?"