மறைந்தவன் எந்தக் கட்டத்தில் நிற்கிறான்? மூன்று ஞாயிறு செய்து பார்த்தது

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. ஞாயிறு சாயங்காலம் ஐந்து பேர் உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம், ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகத்து விதிகள். நான் டி.எம்., அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துகிறவன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுதான் மேப். ஒரு கட்டம் 5 அடி. கடல் காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் உருளைக்கிழங்கு. பொம்மைக்குப் பதில் கேரம் காய்: வெள்ளை எங்கள் ஆட்கள், கறுப்பு எதிரிகள், சிவப்பு வில்லன்.

இந்த முறை வில்லன் ஒரு மந்திரவாதி. அவனுக்கு கிரேட்டர் இன்விசிபிலிட்டி கொடுத்தேன், ஆளைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் மந்திரம். சாதாரண இன்விசிபிலிட்டி இரண்டாம் நிலை மந்திரம். ஒரு மணி நேரம் வரை நிற்கும், ஆனால் மறைந்தவன் யாரையாவது அடித்தாலோ மந்திரம் போட்டாலோ கலைந்துவிடும். நாலாம் நிலை கிரேட்டர் அப்படியில்லை. ஒரு நிமிடம்தான், அதாவது 10 சுற்று, ஆனால் அந்த 10 சுற்றும் அடித்துக்கொண்டே இருக்கலாம். தலைவலி அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் ஞாயிறு சிவப்புக் காயை மேப்பிலேயே விட்டுவிட்டு, “தெரியாத மாதிரி ஆடுங்க” என்றேன். மாமா பையன் “சும்மா இந்தப் பக்கம் நடக்கிறேன்” என்று சொல்லி, கரெக்டாகச் சிவப்புக்குப் பக்கத்துக் கட்டத்தில் போய் நின்றான். தங்கை அதற்கு நேர் எதிர். நியாயமாக ஆடுகிறேன் என்று காலிச் சுவரை வாளால் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒருவன் தெரிந்ததைப் பயன்படுத்துகிறான், ஒருத்தி தெரிந்ததற்குத் தண்டனை அனுபவிக்கிறாள். இரண்டுமே சண்டை மாதிரி இல்லை.

இரண்டாம் ஞாயிறு காயை எடுத்துவிட்டேன். இடத்தை மனதில் வைத்துக்கொண்டேன். மூன்றாம் சுற்றில் எதிர்வீட்டு நண்பன் வடக்கு மூலையில் ஃபயர்பால் என்ற நெருப்புக்குண்டு மந்திரம் போட்டான். அதற்கு ஆளைப் பார்க்க வேண்டியதில்லை, இடத்தைச் சொன்னால் போதும். “அங்கே யாரும் இல்லை” என்றேன். உடனே மாமா பையன், “இன்னாண்ணா, காய மனசுல வச்சிக்கினா எங்க வேணா தூக்கி வச்சிப்பியா?” கோபம் வந்தது. ஆனால் உண்மையில் அவன் எந்தக் கட்டத்தில் நின்றான் என்று எனக்கே சரியாக நினைவில்லை.

அன்றைக்கு நடுவில் கரண்ட் போனது. இருட்டில் யாரோ மாடிப்படி ஏறும் சத்தம்; தங்கை தலையைத் திருப்பாமலே “அம்மா, தண்ணி டிரம்மைப் பார்த்து வாங்க” என்றாள். செருப்பை வைத்தே ஆளையும் இடத்தையும் சொல்லிவிட்டாள். ராத்திரி விதியைத் திரும்பப் படித்தேன். மறைவது வேறு, ஒளிவது வேறு. மறைந்தவனைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். காலடிச் சத்தம், தடம் இருந்தால் இடம் தெரியும். இடமும் தெரியாமல் போக வேண்டுமென்றால் அவன் தன் முறையில் ‘ஹைட்’, அதாவது ஒளியும் செயலை எடுத்து, ஸ்டெல்த் (பதுங்கும் திறன்) பகடையில் மற்றவர்களின் பாஸிவ் பெர்செப்ஷனை, அதாவது தேடாமலே கவனிக்கும் திறனுக்கான எண்ணைத் தாண்ட வேண்டும். நான் என்னவோ ஒவ்வொரு அடிக்கும் கட்டத்தை ஊகிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வித்தியாசம் சின்னதில்லை. 20 பக்கப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் வந்தால் அடி விழும் என்றால், சாதாரணமாக 50 சதவீத வாய்ப்பு. பார்க்காமல் அடித்தால் டிஸ்அட்வான்டேஜ், இரண்டு பகடையில் சின்னதைத்தான் எடுக்க வேண்டும், 25 சதவீதமாகிறது. கட்டமே தப்பென்றால் 20 விழுந்தாலும் பூஜ்யம்தான்.

மூன்றாம் ஞாயிறு ஒரு நோட்டும் ஒரு சோடா மூடியும். 1983இல் வந்த ஸ்காட்லாந்து யார்டு போர்டு கேமில் தப்பி ஓடுகிறவர் தன் ஒவ்வொரு நகர்வையும் ரகசியமாக எழுதி மூடி வைப்பார். அதையே எடுத்துக்கொண்டேன். மேப்பின் ஒரு ஓரம் அ, ஆ, இ. இன்னொரு ஓரம் 1, 2, 3. சுற்றுக்கு ஒரு வரி எழுதி, மடித்து, ஸ்ட்ரைக்கருக்கு அடியில் வைப்பேன். சண்டை முடிந்ததும் யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். சத்தம் கேட்கிறவரை அந்தக் கட்டத்தில் சோடா மூடி இருக்கும். ஒளிந்துவிட்டால் மூடி நகராது. அது கடைசியாகத் தெரிந்த இடம் மட்டும்.

உடனே வேறு மாதிரி ஆடினார்கள். மூடியைச் சுற்றி வளைத்தார்கள், கதவை மறித்தார்கள். ஆளைப் பார்க்காமல் மேஜிக் மிஸைல் என்ற தாக்கும் மந்திரத்தை விட முடியாது என்று நண்பன் முனகினான். தப்பி ஓடுகிறவன் மேல் போகிற போக்கில் ஒரு அடி கிடைக்குமே, பார்க்க முடியாதவன் மேல் அதுவும் கிடையாது. நாலாம் சுற்றில் தங்கை, “மூட்டையில கோலமாவு இருக்குண்ணா, வீசவா?” என்றாள். மாவு பட்டால் டிஸ்அட்வான்டேஜ் போய்விடும் என்று சொல்ல வாயெடுத்தேன். “அப்ப நான் ஃபேரி ஃபயர் எதுக்குக் கத்துக்கினேன்?” என்று நண்பன் எகிறினான். மறைந்தவனை ஒளியால் காட்டிக்கொடுக்கும் மந்திரம் அது. நியாயம்தான். ஒரு மந்திரம் செய்கிற வேலையைக் கால் கிலோ மாவு செய்துவிடக் கூடாது. தரையில் தடம் தெரியும், அதனால் இடம் தெரியும், ஆள் தெரியமாட்டான் என்று முடிவு செய்தேன். மூடி நாலு கட்டம் தள்ளிப் போய் உட்கார்ந்தது. அடுத்த அடி விழுந்து, மந்திரத்தைக் கலையாமல் பிடித்து வைத்திருக்கும் வில்லனின் கவனம் (கான்சன்ட்ரேஷன்) தவறி, சிவப்புக் காய் மேப்புக்கு வந்தது. மாடியில் ஒரே கூச்சல்.

அப்புறம் நோட்டைப் பிரித்தார்கள். மூன்றாம் சுற்றில் மந்திரவாதி 8 கட்டம் போயிருக்கிறான், 40 அடி. அவன் வேகம் 30 அடிதான், அதுவும் ஹைட் எடுத்த சுற்று. அதே முறையில் டாஷ் எடுத்து, அதாவது இரட்டைத் தூரம், ஓட வழியில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, எண்ணும்போது தவறிவிட்டது. நாலு பேருக்கும் டீ என் கணக்கில்.

அடுத்த ஞாயிறு மாமா பையனின் திருடன் மறையப் போகிறான். எந்தக் கட்டம் என்று அவன் என்னிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், எதிரிகளை நடத்துவதும் நானேதான். முதல் வாரம் அவன் செய்ததை நான் செய்யாமல் இருக்க, எதிரிகள் எந்தப் பக்கம் தேடுவார்கள் என்பதைப் பகடை உருட்டி முடிவு செய்யலாமா என்று பார்க்கிறேன். நோட்டைத் தங்கை வைத்துக்கொள்வாளாம்.