அந்தப் பையனுக்கு ஒன்றுமே இல்லையா?

வலது தோளை அசைக்க முடியவில்லை. இடது கையின் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழைகள் எங்கள் வீட்டு வாசல் நிலையைச் சேரும்.

சின்னவன் பார்க்கும் தடை ஓட்டப் போட்டிகளுக்கு இப்போது அம்மாவும் அடிமை. 1997-இல் ஜப்பானில் தொடங்கிய 'சசுகே'தான் அவளுக்கு உயிர். 100 பேர் இறங்குவார்கள், நான்கு கட்டங்கள்; பெரும்பாலும் 100 பேரையும் தண்ணீரில் தள்ளிவிட்டு தடைப் பாதைதான் ஜெயிக்கும். சீரியல் போலச் சூழ்ச்சி செய்ய ஆளில்லை, எதிரி என்றால் ஓடி ஏற வேண்டிய அந்த வளைந்த சுவர் ஒன்றுதான். இருந்தும் அம்மாவுக்குக் கவலைக்குக் குறைவில்லை. யார் விழுந்தாலும், "தலை துவட்டத் துண்டு கொடுப்பார்களா?" என்பாள். 2006-இல் நான்கு கட்டங்களையும் முடித்த மகோடோ நகானோ மீன்பிடிப்பவர் என்று சொன்னேன். "அப்படியானால் தண்ணீர் பழக்கம்தான்" என்று அவருக்கு மட்டும் துண்டிலிருந்து விலக்கு அளித்தாள்.

நேற்று இரவு வந்தது சசுகேயின் அமெரிக்க வடிவம், 2015 இறுதிச்சுற்று. 75 அடிக் கயிற்றை 30 வினாடிக்குள் ஏற வேண்டும். ஜெஃப் பிரிட்டன் 29.65-இல் ஏறி மணியை அழுத்தினார். அந்த நாட்டில் முழுப் பாதையையும் முடித்த முதல் ஆள். அம்மா கைதட்டி முடிப்பதற்குள் ஐசக் கால்டியரோ 26.14-இல் ஏறிவிட்டார். பத்து லட்சம் டாலரும் அவருக்கே.

அம்மா கொதித்துப் போனாள். அவள் கவனத்தைத் திருப்பத்தான், சத்தியமாக அதற்காகத்தான், நான் சோபாவில் சாய்ந்தபடி நுணுக்கம் விளக்க ஆரம்பித்தேன். விரல் நுனியில் தொங்குவதெல்லாம் பெரிய விஷயமில்லை, மூச்சுதான் முக்கியம் என்றேன். "செய்து காட்டுங்கள் அப்பா" என்றான் சின்னவன். பெற்ற பிள்ளை கேட்கும்போது எப்படி மறுப்பது? வாசல் நிலையின் மேல் விளிம்பைப் பிடித்தேன், காலை மடக்கினேன். நான் தொங்கியது இரண்டு வினாடி என்று அவன் சொல்கிறான். கடிகாரத்தைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டான்.

காலையில் அம்மா தைலம் தேய்த்துவிட்டாள். வெகுநேரம் பேசவே இல்லை. பெருமூச்சு வேறு. வயதான காலத்தில் மகனை இப்படிப் பார்க்க நேர்ந்ததே என்று கலங்குகிறாளோ என்று எனக்கே கண் கலங்கியது.

"ஏனடா," என்றாள் கடைசியில், "முதலில் ஏறிய அந்தப் பையனுக்கு ஒரு காசுகூடவா கொடுக்கவில்லை?"