எங்கிருந்து எங்கே அளக்கிறோம்?

வீட்டு வடிவமைப்பு மென்பொருட்களில் சுவர் கீறுவதை எவரும் ஒரு பின்னேரத்தில் பழகிவிடலாம். இரு புள்ளிகளுக்கிடையே உள்ள தூரத்தைக் காட்டும் அளவுக்கோட்டைப் போடும் கருவியைப் பழகத்தான் நாள் எடுக்கிறது, ஏனென்றால் அது எந்நேரமும் ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். அந்த எண் எதனுடைய நீளம் என்பதை மட்டும் சொல்லாது.

திருகோணமலை உப்புவெளியில் என் ஒன்றுவிட்ட அண்ணா கட்டும் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். படுக்கையறையின் உள்ளளவு 10 அடிக்கு 12 அடி இருக்க வேண்டும் என்பது அண்ணியின் கணக்கு. இலவசமாகக் கிடைக்கும் ஸ்வீட் ஹோம் 3டியில் சுவரின் நீளம் என்று காட்டப்படுவது சுவரின் நடுக்கோட்டு நீளமாகும். 6 அங்குலக் கல்லும் இரு பக்கமும் அரை அங்குலம் வீதம் பூச்சும் சேர்ந்தால் சுவரின் தடிப்பு 7 அங்குலம். ஆகவே 10 அடி என்று கொடுத்துக் கீறினால் இரு முனையிலும் மூன்றரை அங்குலம் சுவருக்குள் போய், அறைக்கு மிஞ்சுவது 9 அடி 5 அங்குலம் மாத்திரமே. கொடுக்க வேண்டிய நீளம் 10 அடி 7 அங்குலம். அதற்கும் முன்னதாக, புதிய சுவரின் தடிப்பு என்ற இடத்தில் மென்பொருள் தானாகவே வைத்திருக்கும் 7.5 சென்ரிமீற்றரை மாற்றிவிட வேண்டும். நம் ஊரில் அந்தத் தடிப்பில் வெளிச்சுவர் கட்டுபவர் எவருமில்லை. பின்னர் அளவுக்கோட்டை ஒரு சுவரின் உள்முகத்திலிருந்து எதிர்ச்சுவரின் உள்முகத்துக்குப் போட்டு, 10 அடி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக் கீறிய வரைபடத்தின் தாளைக் கையில் வாங்கிய மேசன் அண்ணை கேட்ட ஒரே கேள்வி: "பிள்ளை, இது பூச்சுக்கு முந்தியோ, பிந்தியோ?" மென்பொருளின் உதவிப் பக்கங்களைவிட அந்தக் கேள்வி பயனுள்ளது என்பது என் எண்ணம். அதன் பின்னர் நான் கீறும் எல்லா வரைபடங்களிலும், அளவுகள் பூச்சுக்குப் பிந்தியவை என்ற ஒரு வரியை ஓரத்தில் எழுதிவிடுகிறேன்.

ஸ்வீட் ஹோம் 3டியின் அளவுக்கோடு தனியான ஒரு பொருள்; சுவரை நகர்த்தினால் அது கூடவே வராது, பழைய இடத்தில் பழைய எண்ணுடன் நின்றுவிடும். ஸ்கெச்அப் என்ற இன்னொரு வடிவமைப்பு மென்பொருளில் அப்படியல்ல. அங்கே அளவுக்கோடு முனைப்புள்ளிகளில் ஒட்டிக்கொள்வதால் வடிவம் மாறும்போது எண்ணும் மாறும். ஆனால் அந்த எண்ணின் மேல் நாமே இன்னோர் எண்ணைத் தட்டச்சுச் செய்துவிட்டால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும். 9 அடி 11 அங்குலம் என்று வருவதை அழகுக்காக 10 அடி என்று மாற்றி எழுதுவோர் உண்டு. அந்த ஓர் அங்குலம் கடைசியில் யன்னலிலோ நிலையிலோ வந்து நிற்கும். எண் பிடிக்காவிட்டால் சுவரை நகர்த்துவதுதான் முறை.

ஸ்கெச்அப்பில் எண்ணுக்கு முன்னால் ஒரு நெளிகோடு தோன்றினால், காட்டப்படுவது கிட்டத்தட்டவான அளவு என்று பொருள். துல்லியத்தை முழு அங்குலத்தில் வைத்திருக்கும்போது, உண்மையில் 10 அடி 4⅜ அங்குலம் உள்ள மூன்று பகுதிகளும் 10 அடி 4 அங்குலம் என்றே தெரியும். கூட்டினால் 31 அடி. முழு நீளத்துக்கு ஒரே கோடாகப் போட்டால் 31 அடி 1 அங்குலம் என்று காட்டும். துண்டு துண்டான அளவுகளுடன் மொத்த அளவையும் எப்போதும் போட வேண்டும் என்பது இதனால்தான்.

முப்பரிமாணத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. மேலிருந்து பார்க்கும்போது தரை மூலையும் அதற்கு நேர்மேலே 3 அடி உயரத்தில் உள்ள யன்னல் விளிம்பும் ஒரே புள்ளியாகவே தெரியும். ஒரு சொடுக்கு தரையிலும் மற்றையது விளிம்பிலும் விழுந்தால், கருவி சாய்ந்த தூரத்தைக் காட்டக்கூடும்: 12 அடி அறை ஏறத்தாழ 12 அடி 4½ அங்குலமாகிவிடும். காட்சியைச் சற்றுச் சுழற்றிப் பார்த்தால் கோடு சாய்ந்திருப்பது உடனே தெரிந்துவிடும்.

அலகு விடயத்தில் நாம் இரண்டு உலகங்களில் வாழ்கிறோம். இப்போதைய நில அளவைப் படம் மீற்றரில் வருகிறது, காணியைப் பேர்ச்சில் பேசுகிறோம், மேசன்மார் அடி அங்குலத்தில் கட்டுகிறார்கள். அடியைத் தசமத்தில் காட்டுமாறு வைத்தால் 10.5 என்று வரும். அது 10 அடி 6 அங்குலம், ஆனால் வேலைத்தளத்தில் 10 அடி 5 அங்குலம் என்றே வாசிக்கப்படும். அங்குலத்தைப் பின்னத்தில் காட்டும் அமைப்பே எனக்கு நம்பிக்கையானது. கடையில் 2 அடி டைல் என்று தருவதும் பெரும்பாலும் 600 மில்லிமீற்றர்தான். 2 அடி என்பது 609.6. தரையை 2 அடிக் கட்டங்களாகக் கீறினால் 12 அடிக்கு ஆறு டைல் சரியாகப் பொருந்தும், பதிக்கும்போதோ 57.6 மில்லிமீற்றர் மிஞ்சும். இடைவெளிகள் அதில் சிறிது எடுத்தாலும், சுவரோரம் இரண்டங்குலக் கீலம் ஒன்று வெட்டி வைக்க வேண்டி வரும்.

நில அளவைப் படத்தைப் பின்னணியாக வைத்துக் கீறுவோர், வாட்ஸ்அப்பில் வந்த சரிவான புகைப்படத்தைத் தவிர்த்து, ஸ்கான் செய்த பிரதியைப் பயன்படுத்த வேண்டும். அளவுத்திட்டத்தைச் சரிசெய்வதற்கு மிக நீளமான எல்லையைத் தெரிவுசெய்ய வேண்டும். பிறகு காணி முழுவதையும் ஓர் அறை போலச் சுற்றி வளைத்துப் பரப்பைப் பாருங்கள். 1 பேர்ச் என்பது 272.25 சதுர அடி, ஆகவே 10 பேர்ச் காணிக்கு 2722.5 சதுர அடி அளவில் வர வேண்டும். நீளத்தில் 2 சதவீதப் பிழை இருந்தால் பரப்பில் 4 சதவீதம் பிழைக்கும். அதாவது பத்துப் பேர்ச்சில் கிட்டத்தட்ட அரைப் பேர்ச் காணாமற்போகும் அல்லது கூடிவிடும்.

டச் பே பக்கத்துப் பழைய வீடுகளைத் திருத்துவதற்கு அளப்பவர்கள் மூலைவிட்டங்களையும் அளந்தாக வேண்டும். ஸ்வீட் ஹோம் 3டி சுவர்களை 15 பாகைப் படிகளில் இழுத்துப் பிடிக்கும் இயல்புடையது என்பதால், கோணல் அறையையும் செங்கோணமாகவே கீறிக் காட்டும். 10க்கு 12 அறை உண்மையில் சதுரமூலையாக இருந்தால் மூலைவிட்டம் 15 அடி 7½ அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். இரண்டு மூலைவிட்டங்களும் வேறுபட்டால், அந்த இழுப்பை நிறுத்திவிட்டுக் கீறுவதே உத்தமம்.

அச்செடுக்கும்போது தாளுக்குள் அடக்கும் தெரிவைப் போட்டால் அளவுத்திட்டம் மாறிவிடும். அதனால் தாளில் அடிமட்டம் வைத்து எவரும் அளக்க வேண்டியிராதபடி, கதவு நிலையிலிருந்து மூலைக்குள்ள தூரம் உட்பட, தேவையான எண் ஒவ்வொன்றையும் எழுத்தில் போட்டே கொடுக்கிறேன்.