உரலில் இடிபட்ட பல்லும் சவேரியாரின் பாதமும்

2014 டிசம்பரில் பழைய கோவாவின் பேராலயத்தில், புனித சவேரியாரின் உடலைக் காண ஏறத்தாழ நான்கு மணி நேரம் வரிசையில் நின்றேன். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் அந்தப் பொதுத் தரிசனத்தில், பேழைக் கண்ணாடியின் வழியே தெரிவது கறுத்துச் சுருங்கிய முகமும் விரல் குறைந்த பாதமும்தான். எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி கைக்குட்டையைக் கண்ணாடியில் ஒற்றியெடுத்து, நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். துபாய்க்குத் திரும்பி இதைச் சொன்னபோது, என்னோடு வேலை செய்த கண்டியைச் சேர்ந்த பௌத்த நண்பர் அமைதியாகக் கேட்டார்: "உங்கள் சாமியாரின் உடல் அழியவில்லை என்கிறாய். எங்கள் புத்தரின் பல் உரலில் அழியவில்லை என்றபோது மட்டும் ஏன் சிரித்தாய்?"

சிரித்தது உண்மை. அவர் சொன்ன கதை நடந்ததும் அதே கோவாவில்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

தமிழகத்தின் தென்கடற்கரையான முத்துக்குளித்துறையில் பணியாற்றிய சவேரியாரின் முயற்சியால் 1544இல் மன்னாரில் பலர் திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவராயினர். யாழ்ப்பாண மன்னன் சங்கிலி அவர்களில் ஏறத்தாழ 600 பேரைக் கொன்றான். அதற்குத் தண்டனை என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி, 1560இல் கோவாவின் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா கப்பற்படையோடு வந்து நல்லூரைப் பிடித்தார். கொள்ளைப் பொருள்களுக்கிடையே, புத்தரின் தந்தம் என்று போற்றப்பட்ட ஒரு பல்லும் கோவா போய்ச் சேர்ந்தது. செய்தி அறிந்த பர்மாவின் பெகு மன்னர் பாயின்னவுங், அதற்கு ஈடாக மூன்று, நான்கு லட்சம் குருசாதோ என்னும் போர்த்துக்கேயப் பொற்காசுகள் தருவதாகத் தூது அனுப்பினார். கஜானா வறண்டிருந்ததால் படைத்தலைவர்கள் விற்றுவிடலாம் என்றனர். சிலை வழிபாட்டுக்குத் துணைபோவதாகும் என்று பேராயர் கஸ்பாரும் இறையியலாளர்களும் மறுத்தனர். 1561இல் பேராயரே தம் கையால் பல்லை உரலிலிட்டு இடித்து, தூளை நெருப்புச் சட்டியில் கொட்டி எரித்து, சாம்பலை ஆற்றில் கலந்தார் என்று வரலாற்றாசிரியர் தியோகோ த கூத்தோ எழுதிவைத்திருக்கிறார். ஏழே ஆண்டுகளுக்கு முன், 1554இல், சவேரியாரின் உடலை மணியடித்து வரவேற்ற நகரம் அது. பல் உரலில் இடிபட்ட நாளிலும் அவருடைய உடல் அதே ஊரில்தான் இருந்தது.

பௌத்தர்கள் சொல்லும் கதையில், பல் உரலின் அடியைத் துளைத்துப் பூமிக்குள் இறங்கி, கண்டியில் ஒரு தாமரை மலர்மேல் எழுந்தது. இதைவிட வியப்பானது, அந்தப் பல்லின் வரலாற்றைப் பாடும் பழைய பாளிக் காவியத்தில் ஏறக்குறைய இதே நிகழ்ச்சி முன்பே இருப்பது: பாடலிபுத்திரத்தில் பாண்டு என்ற அரசன் பல்லைத் தணற்குழியில் எறிய, தாமரை பூத்து அதை ஏந்தியது, பட்டடைமேல் வைத்துச் சம்மட்டியால் அடிக்க, உடையாமல் இரும்புக்குள் பதிந்துகொண்டது. பேராயர் தெரியாமலே பழைய கதைக்குப் புது அத்தியாயம் எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு, திருமுழுக்குப் பெற்ற, இலங்கையின் கோட்டை இராச்சியத்து மன்னன் தர்மபாலனிடமிருந்தே ஒரு பல் பெகுவுக்குப் போக, உண்மையான பல் தன்னிடமே உள்ளது என்று கண்டி அரசன் அறிவித்தான். போர்த்துக்கேயர் எரித்தது வேறொரு பல், உண்மையானது ஒளித்துக் காக்கப்பட்டது என்பதே எளிய விளக்கம். உரலைத் துளைத்த கதையை நான் இன்றும் நம்பவில்லை.

ஆனால் எதனால் நம்பவில்லை என்பதுதான் நண்பர் கேட்ட கேள்வியின் சாரம். பௌத்தரின் புதுமை, அதாவது அற்புதம், உண்மையானால் நம்முடையது பொய்யாகிவிடும் என்ற அச்சம் பல கத்தோலிக்கரிடம் இருக்கிறது. வெவ்வேறு சமயங்களின் அற்புதங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று 18ஆம் நூற்றாண்டில் வாதிட்ட தத்துவவாதி டேவிட் ஹியூமின் கணக்கு அது. திருச்சபையின் கணக்கு அன்று. கற்பில் பழி சுமத்தப்பட்ட உரோமைக் கோயில் கன்னி ஒருத்தி சல்லடையில் டைபர் ஆற்றுநீரை ஒழுகாமல் சுமந்து வந்த கதையை எடுத்துக்கொண்ட 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் புனித தோமா அக்குவினாஸ், கற்பின் மேன்மையை உணர்த்த உண்மையான கடவுளே அதைச் செய்திருக்கக் கூடும் என்று ஒப்புக்கொண்டார். பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னதற்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய பேச்சு இது.

ஆகவே நான் கேட்க வேண்டியது யாருடைய புதுமை என்பதை அன்று, என்ன சாட்சி என்பதைத்தான். அந்தக் கேள்வியை நம் வீட்டுக்குள்ளும் கேட்டுவிட வேண்டும். சவேரியார் பன்மொழி வரம் பெற்றுத் தமிழில் தடையின்றிப் பிரசங்கித்தார் என்று எனக்கு மறைக்கல்வியில் கற்பித்தார்கள். அவருடைய கடிதங்களோ, இருமொழி அறிந்தவர்களைக் கூட்டிச் செபங்களைத் தமிழாக்கி அவர் மனப்பாடம் செய்ததையும், மொழிபெயர்ப்பாளர் இல்லாத நாள்களில் மக்களும் அவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் தவித்ததையும் சொல்கின்றன. நாவு திணறிய அந்த மனிதரைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கிறது. உடல் அழியாமையைக்கூட, புனிதர் பட்டத்துக்கு வேண்டிய புதுமையாகத் திருச்சபை இன்று கணக்கில் எடுப்பதில்லை.

புத்தரும் இதில் கண்டிப்பானவர். நாளந்தாவில் கேவத்தன் என்ற இல்லறத்தான், ஒரு பிக்கு அற்புதம் செய்து காட்டினால் ஊரே நம்பும் என்று வேண்டியபோது அவர் மறுத்தார். பார்ப்பவன் அதைக் காந்தாரி என்ற மந்திர வித்தை என்று ஒதுக்கிவிடுவான், போதனையே மேலான அற்புதம் என்றார். அடையாளம் கேட்ட பரிசேயரிடம் பெருமூச்சுவிட்டு மறுத்த இயேசுவை நினைத்துக்கொண்டேன்.

இவற்றையெல்லாம் படித்துத் தெளிய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. சிரித்ததற்கு நண்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். உரல் கதையை ஏற்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. "நானும் பாதிதான் நம்புகிறேன், அம்மாவிடம் சொல்லிவிடாதே" என்றார். அடுத்த விடுமுறையில் அவரோடு, கண்டியில் அந்தப் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகைக்குப் போனேன். அங்கே வழக்கமான நாள்களில் பல்லை யாரும் பார்ப்பதில்லை. பூசை வேளையில் கதவு திறக்கும்போது பொற்பேழை சில நொடிகள் தெரியும், அதற்குள் காவலர் நகரச் சொல்வார். நான் வணங்கவில்லை, கைகட்டி நின்றேன். வெள்ளைச் சேலை உடுத்திய அவருடைய தாயார் அல்லிப்பூக்களை மேசைமேல் வைத்துவிட்டு, நான் ஏன் கும்பிடவில்லை என்று மகனிடம் சிங்களத்தில் கேட்டார். அவர் சொன்ன பதிலில் 'கோவா' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது.