கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்த செவலை

ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம் என்றுதான் அந்த விலங்குகள் காப்பகத்துக்குப் போனேன். ஐந்து வாரம் ஆனது. என்னோடு வந்தது குட்டியும் இல்லை, ஏழு வயது செவலை.

முதல் நாள் நாயையே காட்டவில்லை. ஒரு படிவத்தைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா என்று கேள்விகள். கடைசியாக, ‘எந்த நிலைமையில் இந்த நாயைத் திருப்பிக் கொடுப்பீர்கள்?’ எனக்குச் சுருக்கென்றது. வளர்க்க ஆசைப்பட்டு வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

படிவத்தைப் படித்த தன்னார்வலர் அக்கா நேராகவே சொன்னார்: “பகல்ல அம்மா மட்டும்தான் இருப்பாங்க, அவங்களுக்கு முட்டிவலின்னு எழுதியிருக்கீங்க. குட்டி காலுக்குக் குறுக்கே ஓடும், கையைக் கடிச்சு விளையாடும். அம்மா விழுந்துட்டா என்ன செய்வீங்க? வளர்ந்த நாயாப் பாருங்க. அதோட குணம் எங்களுக்குத் தெரியும்.”

மறுத்துப் பேச எனக்கு எதுவும் இல்லை.

அடுத்த வாரம் போனபோது கூண்டுகளில் எல்லா நாய்களும் கம்பியில் முன்னங்கால் வைத்துக் குரைத்தன. கடைசிக் கூண்டில் ஒன்று மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. வளர்த்தவர்கள் வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போன நாயாம். மூக்கைச் சுற்றி நரை. “கண்ணைப் பார்க்காதீங்க, பக்கவாட்டுல உட்காருங்க, கையை நீட்டாதீங்க” என்றார் அக்கா. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் இருக்கும். செருப்பில் சூடாக மூச்சுக்காற்று பட்டது. திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்குப் பெரும்பாடு பட்டேன்.

அப்புறம் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பால்கனிக் கம்பிகளை ஆட்டிப் பார்த்து, கேட்டுக்குக் கீழே இருந்த இடைவெளியை அடைக்கச் சொன்னார்கள். எலி மருந்து எங்கே வைப்பீர்கள் என்றும் கேட்டார்கள்.

கருத்தடை அறுவை சிகிச்சையை முடித்துத்தான் தருவோம் என்றதால், தையல் ஆறும்வரை இரண்டு வாரம் காத்திருந்தேன். வெறிநாய்க்கடி தடுப்பூசி, பார்வோ, டிஸ்டெம்பர் என்ற நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய்களுக்கான ஊசி, குடற்புழு மருந்து எல்லாம் தேதியோடு அட்டையில் இருந்தன. தோளருகே தோலுக்கடியில் அரிசி மணி அளவில் ஒரு மைக்ரோசிப். நாய் எங்கே போனாலும் அது காட்டிக்கொடுக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஸ்கேனரை அருகில் பிடித்தால் 15 இலக்க எண் வரும், அவ்வளவுதான். அந்த எண்ணோடு பதிவான போன் நம்பர் சரியாக இருந்தால்தான் நாய் வீடு வந்து சேரும். நம்பர் மாற்றினால் பதிவிலும் மாற்ற மறக்காதீர்கள்.

கையெழுத்துப் போட்ட அன்று அந்தக் கடைசிக் கேள்விக்குக் காரணம் புரிந்தது. இனி வளர்க்க முடியாது என்றால் வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, எத்தனை வருடம் ஆனாலும் காப்பகத்துக்கே கொண்டுவர வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. பக்கத்துக் கூண்டில் இருந்த கறுப்பு நாய் அப்படித் திரும்பி வந்ததுதான். வளர்த்தவருக்குப் படுக்கையோடு கிடக்கும் நோய். அழுதுகொண்டே கொண்டுவந்து விட்டாராம். இந்த வழி இல்லையென்றால் அது கைமாறிக் கைமாறித் தெருவுக்குத்தான் வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் செவலை கட்டிலுக்கு அடியில் போனவள்தான். மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் பழக்கம், மூன்று மாதத்தில் சொந்தம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். குளிப்பாட்டாதீர்கள், விருந்தாளிகளைக் கூப்பிடாதீர்கள், இழுத்து வெளியே கொண்டுவராதீர்கள் என்றும் சொன்னார்கள். முதல் இரண்டு இரவும் நாங்கள் விளக்கணைத்த பிறகு தண்ணீரை நக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அம்மா இருட்டில் என் கையைப் பிடித்து, “குடிக்குதுடா” என்பார்.

மூன்றாவது வாரம் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். செவலை மெல்ல வந்து அவர் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டாள். கால் மரத்துப்போன பிறகும் அம்மா அசையவில்லை.

கறுப்பன் இன்னும் காப்பகத்தில்தான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை நடக்கக் கூட்டிப்போகப் பெயர் கொடுத்திருக்கிறேன்.