தாயத்து கட்டிய இளவரசன்

வெலாஸ்கெஸ் 1659-இல் தீட்டிய ஸ்பெயின் இளவரசன் பெலிப்பே புரோஸ்பெரோவின் உருவப்படத்தைத் திரையில் பெரிதாக்கி இன்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இளஞ்சிவப்பு உடைக்கு மேல் அணிவித்திருக்கும் வெள்ளைத் துணியின் மீது சிறு மணியும், கண்ணேறு படாதிருக்கக் கட்டிய தாயத்துகளும் தொங்குகின்றன. மன்னர் நான்காம் பெலிப்பேயின் வாரிசாகப் பிறந்து, அடிக்கடி நோயில் வாடிய அந்தப் பிள்ளையை எண்ணி அரண்மனை எவ்வளவு அஞ்சியது என்பதை, வெளிறிய முகத்தைவிட இந்தச் சிறு பொருள்களே எனக்கு அதிகம் சொல்கின்றன.

வலக்கை சிவப்பு நாற்காலியின் முதுகில் வெறுமனே கிடக்கிறது. எதையும் பற்றிக்கொள்ளும் வலு அந்த விரல்களில் இல்லை. நாற்காலியில் படுத்து நம்மைப் பார்க்கும் வெள்ளை நாயை ஓவியர் சில தூரிகை வீச்சுகளிலேயே உயிர்ப்பித்திருக்கிறார். நெருங்கிப் பார்த்தால் வெறும் வண்ணத் தீற்றல், சற்று விலகினால் மென்மையான ரோமமும் ஈரக் கண்களும். படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

வியன்னாவிலிருந்த உறவினரான பேரரசர் முதலாம் லியோபோல்டுக்கு அனுப்பப்பட்ட இந்தப் படம், இன்றும் அந்நகரின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. வெலாஸ்கெஸ் 1660 ஆகஸ்டில் காலமானார்; நான்கு வயது நிறைவதற்குள், 1661 நவம்பரில், இளவரசனும் இறந்துபோனான்.